தங்கச்சி மூச்சில் பழவாசனை

என் தங்கச்சியைத் திண்டுக்கல்லில் எங்கள் தெருக்காரர்கள் மூன்று வாரம் அர்ச்சிஷ்டவள், அதாவது புனிதை, என்று கும்பிட்டார்கள். அவளுக்கு வந்திருந்தது சர்க்கரை வியாதி. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அப்படி விளையாடுகிற விஷயமும் இல்லை இது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. ஐம்பதுகளின் கடைசி. ஒன்பது வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும். அது தொப்பை போட்ட பெரிய மனுஷர்களுக்கு வருகிற சீக்கு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா புகையிலை மூட்டை சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் மேஸ்திரி. அவர் சட்டை, துண்டு, தலைமயிர், அவர் படுத்து எழுந்த பாய் எல்லாம் புகையிலை நெடி அடிக்கும். காற்றுத் திரும்பினால் பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றமும் வந்து சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் நல்ல வாசனை என்று ஒன்று இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வரும்போது துணியில் ஒட்டிக்கொண்டு வருகிற சாம்பிராணிதான். அது மத்தியானத்துக்குள் போய்விடும்.

முதலில் வந்தது தாகம். தங்கச்சி ஒரு செம்புத் தண்ணீரை நின்ற வாக்கிலேயே குடிப்பாள், செம்பைக் கீழே வைப்பாள், மறுபடி மோந்து குடிப்பாள். திண்டுக்கல்லில் தண்ணீருக்கு அப்போது என்ன பாடு என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தெருக்குழாயில் வரிசையில் நின்று, சண்டை போட்டு, இடுப்பு ஒடிய நான் சுமந்து வருகிற குடத்தை அவள் ஒருத்தியே காலி செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, ஒன் வயித்துல கெணறா வெட்டி வச்சிருக்க? இம்புட்டுத் தண்ணியும் எங்கதான் போகுது?" என்று கத்துவேன்.

"வாய் காயுதுக்கா" என்பாள். அவ்வளவுதான் பதில்.

சோறும் அப்படித்தான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டாள், தட்டுத் தட்டாய்ச் சாப்பிட்டாள். சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனாள். சட்டையின் தோள் இறங்கி முழங்கைக்கு வந்தது. அம்மா அதைப் பிடித்துத் தைத்தாள். பத்து நாளில் மறுபடி பிடித்துத் தைத்தாள்.

எறும்பு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். கொல்லையில் சுவரோரம் நாங்கள் ஒண்ணுக்கு இருக்கும் இடம். ஒரு மத்தியானம் போனபோது, சுவரின் வெடிப்பிலிருந்து கறுப்பாய் ஒரு கோடு இறங்கி, நேராய்த் தங்கச்சி இருந்துவிட்டுப் போன இடத்துக்கு வந்து, அங்கே மொய்த்துக்கொண்டிருந்தது. நான் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. மறுநாளும் பார்த்தேன், அதேதான். அதற்கு மறுநாள் கொடியில் எங்கள் இருவர் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. கயிற்றில் ஏறி வந்த எறும்புகள் என் பாவாடை மேல் நிற்காமல் நடந்து தாண்டி, அவள் பாவாடைக்குப் போய்ச் சேர்ந்தன. யாரிடமும் சொல்லவில்லை. மூத்திரத்தைப் பற்றி அம்மாவிடம் போய் என்னவென்று சொல்வது? பாவாடையை உதறினேன், கொல்லையில் அடுப்புச் சாம்பலைத் தூவி மூடினேன். வாயைத் திறந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அது தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். தங்கச்சி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கோவிலில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வயசானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் பிள்ளைகளின் வாய்க்கு அருகே குனிந்துதான் கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி பரலோக மந்திரம் சொன்னபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன தின்னுட்டு வந்த?"

"ஒண்ணும் தின்னலைங்க. காலையிலருந்து ஒமட்டுது."

"பழம் ஏதும் தின்னியா?"

"இல்லைங்க."

அவர் மறுபடி குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அது அசிங்கமாக இருந்தது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "ஒருசந்தி இருக்குற பிள்ளை வாயி வெறும் வயித்து நாத்தம் அடிக்கணும். ஒங்க பிள்ளை வாயில பழவாசன அடிக்குது. அர்ச்சிஷ்டவங்க வரலாறு நெறையப் படிச்சிருக்கேன். அவுங்க மூச்சுலதான் இப்படி வாசன வரும்னு போட்டுருக்கு. பங்குச் சாமியாருக்கு இப்பச் சொல்ல வேணாம். அவர் எதையும் சட்டுனு நம்ப மாட்டாரு."

அம்மா தங்கச்சியின் முகவாயைத் தூக்கி, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். அப்படியே முழங்காலில் விழுந்து அழுதாள்.

நானும் மோந்து பார்த்தேன். நிஜம்தான். இனிப்பாக, குளுமையாக, கொஞ்சம் அழுகத் தொடங்கிய பழம் போல ஒரு வாசனை. இது என்ன பழம் என்பதில் பெண்களுக்குள் பெரிய தகராறு. சிறுமலை வாழைப்பழம் என்றாள் ஒருத்தி. இல்லை, கொடைரோட்டில் கூடையில் விற்கிற பேரிக்காய் என்றாள் இன்னொருத்தி. பரலோகத்தில் இருக்கிற பழத்தை நீ எங்கேடி பார்த்தாய் என்று மூன்றாவது ஒருத்தி இருவர் வாயையும் அடைத்தாள்.

இதற்குப் பிறகு நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கைப்பிள்ளை வீறிட்டு அழுதாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சாயங்காலம் பேகம்பூர்ப் பள்ளிவாசல் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி, பிள்ளையின் முகத்தில் மெதுவாக ஊதிவிட்டுப் போவார்கள். இந்துப் பிள்ளை, வேதக்காரப் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. நாங்கள் எல்லாருமே அப்படி ஊதப்பட்டு வளர்ந்தவர்கள்தான். சுத்தமான மனுஷர் மூச்சுப் பட்டால் பிள்ளை தேறும் என்பது எங்களுக்குப் பாலோடு சேர்ந்து ஊறிய நம்பிக்கை. அதனால் எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆத்தா, எம்பிள்ளை மூணு நாளா பால் குடிக்கல. செத்த ஊதிவிடு" என்று கேட்டபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

தங்கச்சி ஊதினாள். கத்திக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தி, கண்ணை அகல விரித்து அவளையே பார்த்தது. முகத்தில் காற்றுப் பட்டால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் மூச்சடைத்து நிறுத்தும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஐந்து பெற்றவள் நான். அன்று அறையில் இருந்த அத்தனை பேரும் அதே பிள்ளை மாதிரி மூச்சடைத்து நின்றோம். மறுநாள் அந்தப் பிள்ளை பால் குடித்தது. போதாதா?

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு நிற்பார்கள். தங்கச்சியை மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்தாள் அம்மா. வரிசையைப் பார்த்துக்கொண்டது யார் என்கிறீர்கள்? நான்தான். "ஒவ்வொருத்தரா வாங்க. தள்ளாதீங்க. பிள்ளை மொகத்தத் தொடச்சுட்டுக் கொண்டாங்க." என்னைவிட நாலு மடங்கு வயசானவர்களை அதட்டினேன், அவர்களும் கேட்டார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. தண்ணீர் சுமக்கிற கழுதையாய் இருந்தவள் அர்ச்சிஷ்டவளின் அக்கா ஆகிவிட்டேனே.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கருப்பட்டி கொண்டுவந்தார்கள், வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்தார்கள், நன்னாரி சர்பத்து கொண்டுவந்தார்கள். தாகம் தாகம் என்றாளே, அவளுக்குப் பானகம் கரைத்துக் கொடுத்தோம். கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு என் கையாலேயே கரைத்தேன். குடிக்கக் குடிக்க அவளுக்குத் தாகம் கூடியது. கூடக் கூட இன்னும் கொடுத்தோம்.

இரண்டாவது வாரம் அவள் பேச்சு குறைந்துவிட்டது. கன்னம் மட்டும் சிவந்து கிடந்தது. கண் உள்ளே போய்ப் பளபளத்தது. அழகாகிவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள். அவளைக் குளிப்பாட்டியவள் நான். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். சோப்புப் போட எனக்குக் கை கூசியது.

"அக்கா, அர்ச்சிஷ்டவங்க எல்லாரும் சின்னதுலயே செத்துப் போயிருவாங்களாமே. உபதேசியார் சொன்னாரு" என்றாள் ஒருநாள், குளித்துக்கொண்டிருக்கும்போது.

"சும்மா கெட."

"நான் செத்தா நீ தண்ணி தூக்க வேணாம்ல."

தலையில் ஒரு கொட்டு வைத்தேன். அப்புறம் கிணற்றடி போல ஈரமாய்க் கிடந்த அந்தக் குளியல் மூலையில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் காதருகே அவள் மூச்சோடு அந்த வாசனை வந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், நாற்காலியில் இருந்தபடியே அவள் கண்ணை மூடிவிட்டாள். கூப்பிட்டால் ஊம் என்றாள், பிறகு அதுவும் இல்லை. மூச்சு மட்டும் விசித்திரமாக மாறிப்போனது. ஆழமாக இழுப்பாள், ஆழமாக விடுவாள், மறுபடி இழுப்பாள். மலையேறி வந்தவள் மாதிரி, ஆனால் முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அறை முழுக்க அந்த வாசனை. பரவசத்தில் இருக்கிறாள், தொடாதீர்கள் என்றார் உபதேசியார். பத்துப் பதினைந்து பெண்கள் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். அவள் மூச்சு ஏறி இறங்குகிற தாளத்துக்கே மந்திரமும் ஏறி இறங்கியது. நானும் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் கம்பவுண்டர் சம்சாரமும் கக்குவான் பிடித்த தன் பையனோடு இருந்தாள். கம்பவுண்டர் எங்கள் தெருக்கோடியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தவர். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். "மருந்து குடுக்குற வீட்டுல இருந்துக்கிட்டு ஊதிப் பாக்கவா வந்த?" என்று பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டே வாசல் ஏறினார். நிலைப்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். மூக்கு விடைத்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இந்த வாசன எத்தன நாளா அடிக்குது?" என்று கேட்டார்.

"மாதா குடுத்த வாசன அண்ணே" என்றாள் அம்மா.

அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா ரொம்பத் தண்ணி குடிக்குதா?"

"குடம் குடமா."

"ஒண்ணுக்கு அடிக்கடி போகுதா? அதுல எறும்பு மொய்க்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தெரியாததை இவர் எப்படிப் பார்த்தார்? "ஆமா" என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கம்பவுண்டர் கூட்டத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். தங்கச்சியின் கையைக் கிள்ளினார், கன்னத்தைத் தட்டினார். அவள் கண் திறக்கவில்லை. "பரவசத்துல இருக்குற பிள்ளையத் தொடாதீங்க" என்று உபதேசியார் குறுக்கே வந்தார். "யோவ், தள்ளுய்யா! பிள்ளைக்குச் சர்க்கரை முத்திப் போச்சு. இன்னும் செத்த நேரம் மந்திரம் சொன்னீங்கன்னா அடக்கப் பூசைதான் வைக்கணும்" என்று கத்திவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் தோள்மேல் அவள் தலை ஆடிக்கொண்டே போனது.

டாக்டர் பார்த்துவிட்டு அன்றே காரில் மதுரைக்கு அனுப்பினார். பிழைத்தாள். ஒரு மாதம் அம்மா அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகிக்கொண்டு வந்தாள்.

உடம்புக்குள் ஊற வேண்டிய ஒன்று இந்தப் பிள்ளைக்கு ஊறவில்லை, அதனால் தின்ற சர்க்கரை மூத்திரத்தில் போய்விடுகிறது, பசித்த உடம்பு தன் கொழுப்பையே எரித்துத் தின்கிறது, அது எரிகிற வாசனைதான் நீங்கள் கும்பிட்டது என்று கம்பவுண்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இன்சுலின் ஊசி தெனம் ரெண்டு வேளை. காலம் பூராவும். ரெண்டு மூணு நாள் விட்டாலும் பிள்ளை போயிரும். மேஸ்திரி, வெளங்குதா?" அப்பா தலையை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள்.

அதிலிருந்து எங்கள் வீடு வேறு மாதிரி ஆனது. இன்சுலின் புட்டி ஈரமணல் போட்ட மண்பானையில் இருக்கும். ஊசியும் கண்ணாடிக் குழாயும் ஒரு அலுமினியப் பெட்டியில், ஒவ்வொரு தடவையும் அதிலேயே தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துத்தான் எடுப்போம். காலையில் தங்கச்சியின் மூத்திரத்தைச் சோதிப்பது என் வேலை. நீல மருந்தைச் சோதனைக் குழாயில் விட்டு, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறமானால் ஆபத்து. நான் நிறத்தைச் சொன்ன பிறகு அம்மா ஊசி போடுவாள். போடும்போதெல்லாம் தங்கச்சி அழுவாள், அம்மாவும் அழுவாள். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டித்தான் போடுவோம், வலிக்காமல் என்ன செய்யும்?

வாசனை போய்விட்டது. அதோடு ஆள்களும் போய்விட்டார்கள். "ஊசியப் போட்டு வரத்த வெரட்டிட்டீங்களே" என்று சிலர் அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாரு என்ன சொன்னாலும், ஒம்மக ஊதித்தான் இவன் பொழச்சான்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அம்மா மறுத்துப் பேசியதே இல்லை. ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். "டாக்டர் சொல்றதும் நெசந்தான். அந்தப் பிள்ளை பொழச்சதும் நெசந்தான" என்றாள்.

தங்கச்சிக்கும் அந்த நாற்காலியை மறக்க முடியவில்லை. எப்போதாவது என் முகத்துக்கு நேரே வந்து ஊதுவாள். "இப்ப அடிக்குதாக்கா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"போடி அங்கிட்டு" என்று விரட்டுவேன்.

மறு வருஷம் தம்பி பிறந்தான். இரண்டு பெட்டைக்குப் பிறகு ஆண்பிள்ளை. அப்பா கிட்டங்கியில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அம்மா அவனைத் தரையில் விட மாட்டாள். அவன் தவழத் தொடங்கியிருந்த சமயம் காய்ச்சல் வந்தது. கூடவே இருமல், நெஞ்சில் கர் கர் என்று இழுப்பு. டாக்டர் மருந்து கொடுத்தார். பேகம்பூருக்கும் தூக்கிக்கொண்டு போய் ஊதவைத்துக்கொண்டு வந்தாள் அம்மா. நாலு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. பால் குடிக்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

அந்த வாரம்தான் என் குழாயில் நிறம் மாறத் தொடங்கியது. திங்கட்கிழமை நீலம். செவ்வாய்க்கிழமை மஞ்சள். புதன்கிழமை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறத்தில் கட்டிக்கட்டியாக அடியில் போய்த் தங்கியது.

"அம்மா, செவப்பு."

"காய்ச்சக்கார வீட்டுல யாரு அவளுக்கு அளந்து குடுக்குறது? சோத்த அள்ளித் தின்னுருப்பா."

"நேத்து ஊசி போட்டியாம்மா?"

"போட்டேன்டி. நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு. நான் போட்டுக்கிறேன்."

நம்பினேன். அம்மா பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? தங்கச்சி சுவரில் சாய்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. வியாழக்கிழமை காலையும் சிவப்புதான். நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "தெரியும், போ" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். தெருவில் ஈ காக்காய் இல்லை. வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. நாங்கள் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாசனை.

மாதா படத்துக்குக் கீழே தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. அவள் ஆழமாக மூச்சை இழுத்து, அவன் முகத்தில் ஊதினாள். இழுத்தாள், ஊதினாள். அவள் ஊதுகிறாளா, அந்தப் பழைய மூச்சு தானாகவே அவளை ஊத வைக்கிறதா என்று தெரியவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கன்னம் சிவந்து கிடந்தது. தம்பி அழாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அம்மா முழங்காலில் நின்று, செபமாலையை உருட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததை மூன்று பேருமே கவனிக்கவில்லை. என் வீட்டுக்குள்ளேயே நான் யாரோ போல நின்றேன்.

பானையில் கையை விட்டுப் புட்டியை எடுத்தேன். திங்கட்கிழமை எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்திலேயே இருந்தது. அலுமினியப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

கொதிக்க வைக்க நேரமில்லை. அம்மா எத்தனை கோடு வரை இழுப்பாள் என்று தினம் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு வரை இழுத்தேன். நாற்காலியை நெருங்கியபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அப்படி ஒரு பிடியை அவளிடம் நான் கண்டதில்லை.

"இன்னும் ஒரே நாள்டி. இவன் கண்ணத் தொறந்து பாக்குறான் பாரு. ஒடம்பு வேர்க்குது பாரு. நாளைக்குக் காலைல நானே போட்டுர்றேன். அம்மா சொல்றேன்ல."

"அவ செத்துப் போவா!"

"ஒரு நாள்தானடி."

குனிந்து அம்மாவின் கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. பிடி தளர்ந்ததும் தங்கச்சியின் பாவாடையைத் தூக்கி, தொடையில் ஊசியை இறக்கி, அழுத்தினேன். அவள் முதல் தடவையாக அழாமல் ஊசி போட்டுக்கொண்டாள். அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. தம்பியை மடியிலிருந்து எடுத்து அம்மா கையில் திணித்துவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினேன்.

கம்பவுண்டர் வந்து மறுபடியும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் வீட்டுக் கட்டிலிலேயே போட்டு சலைன் ஏற்றினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. மருந்து நாலு நாளாக உள்ளே போயிருக்கிறது, விட வேண்டிய நேரம் விட்டது என்றார் கம்பவுண்டர். அதை அம்மாவிடம் போய்ச் சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை. அம்மா சாகிறவரை எதை நம்பினாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கச்சி கண் திறந்தாள். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். சந்தோஷத்தில் அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, வாரி மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவள் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"தம்பி பால் குடிச்சானாக்கா?"

"குடிச்சான். காய்ச்ச விட்ருச்சு. நீ பேசாமப் படு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவக் கடிச்சிட்டியே, பாத்தேன். பாவம்க்கா. அம்மா என்னையக் கேட்டுக்கிட்டுத்தான் ஊசி போடாம இருந்துச்சு."

"கேட்டுச்சா? ஒங்கிட்ட என்னன்னு கேட்டுச்சு?"

"ஒனக்கு ஊசி வேணுமா, தம்பி வேணுமான்னு கேட்டுச்சு. ஊசி எனக்கு எப்பவும் பிடிக்காதுல்ல. தம்பின்னேன்."

பத்து வயதுப் பிள்ளை, ஏதோ பலகாரத்தில் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்டதைப் போலச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குக் கல்யாணமாகிப் போகிறவரை இரண்டு வேளையும் ஊசி போட்டது நான்தான். பானையையும் பெட்டியையும் என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். ஏன் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.